ரேடியேட்டரின் உலோகம் அறிந்து கூலண்ட் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ரேடியேட்டர் வேலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் தோட்டத்து டிராக்டர்களும், மறுபக்கம் தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து 1,400 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கேமரன் மலைச் சாலையும் இருக்கும்போது, கொதித்துப்போன எஞ்சின் தானாகவே வாசலுக்கு வந்து நிற்கும். வருகிறவர்களிடம் என்ன கூலண்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) ஊற்றினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் நிறத்தைத்தான் சொல்கிறார்கள்: பச்சை, சிவப்பு, இப்போது புதிதாக நீலம். நிறம் என்பது தயாரிப்பாளர் கலக்கும் சாயம் மட்டுமே. எந்த நிறத்துக்குள் எந்த மருந்து (அரிப்பைத் தடுக்கும் இரசாயனம்) இருக்க வேண்டும் என்று உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொரு நிறுவனத்தின் பச்சையும் முற்றிலும் வேறான இரசாயனங்களாக இருக்கலாம்.

ஆகவே நிறத்தை மறந்துவிட்டு உலோகத்திலிருந்து தொடங்க வேண்டும். அதிலும் ரேடியேட்டரின் உலோகத்தை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் ரேடியேட்டரை விட்டு வெளியேறி, பம்ப்பின் இறக்கையைத் தொட்டு, எஞ்சினின் உடலான வார்ப்பிரும்பு பிளாக்கையும் அதன் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டையும் சுற்றி, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கடந்து திரும்பி வருகிறது. அந்த வழியில் எது மிக எளிதில் அரிக்கப்படுமோ, அதைக் காப்பாற்றும் கூலண்டே உங்கள் வண்டிக்குச் சரியான கூலண்ட்.

முதற்படி: எந்த உலோகம் என்று கண்டறிதல்

இதற்குக் காந்தம் உதவாது. செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகிய மூன்றிலும் காந்தம் ஒட்டாது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து கழுத்தின் உட்புறத்தைப் பாருங்கள். மஞ்சளாகவோ, பச்சைக் களிம்பு ஏறியோ இருந்தால் அது பித்தளை. மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்து, அவற்றின் விளிம்பை வரிசையாகச் சிறு உலோகப் பற்கள் மடித்துப் பிடித்திருந்தால், உள்ளே இருப்பது அலுமினியக் கோர், அதாவது குழாய்களும் மெல்லிய தகட்டுச் சிறகுகளும் சேர்ந்த நடுப்பகுதி. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இந்த வகையே. தொட்டி, கோர் எல்லாம் வெள்ளியாக மின்னி, மூலைகளில் வெல்டிங் தையல் தெரிந்தால் அது முழு அலுமினியம். ஓட்டப் பிரியர்களான இளைஞர்கள் தனியாக வாங்கிப் பூட்டுவது இதைத்தான். கறுப்புச் சாயம் பூசியிருந்து ஐயம் தீராவிட்டால், ஓரத்துச் சிறகு ஒன்றைக் கத்தி முனையால் இலேசாகச் சுரண்டலாம். சிவந்தால் செம்பு, வெளுத்தால் அலுமினியம். சிறகைச் சுரண்டுங்கள், குழாயைத் தொடாதீர்கள். குழாயின் சுவர் மிக மெல்லியது.

செம்பு அலுமினியத்தைவிட நன்றாகக் குளிர வைக்கும் என்று பழைய ஃபோர்மேன்கள் (மெக்கானிக்குகள்) சொல்வது பாதி உண்மை. தனி உலோகமாகச் செம்பின் வெப்பக் கடத்தல் அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் பழைய ரேடியேட்டரில் சிறகுதான் செம்பு, குழாய் பித்தளை, இரண்டையும் இணைப்பது ஈயப்பற்று. பின்னவை இரண்டும் வெப்பத்தைச் செம்பளவுக்குக் கடத்துவதில்லை. அலுமினியமோ எடையில் செம்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் குழாயை அகலமாக அமைக்க முடிகிறது. எந்தக் கூலண்ட் என்ற கேள்விக்கு இந்த வாதம் தேவையில்லை என்றாலும், பட்டறை வாசலில் இது ஓயாமல் நடக்கும் வாதம் என்பதால் சொல்லி வைத்தேன்.

உலோகங்களின் குணம்: அடுக்களையில் ஒரு பாடம்

பித்தளைக் குத்துவிளக்கில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்க்கிறோம். அதே புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் இரவு முழுவதும் விட்டுவைத்தால் காலையில் சட்டியின் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். புளிப்புத்தான் ஆகாது என்று சலவைச் சோடாவில் ஊற வைத்தால் சட்டி கறுத்து அப்போதும் அரிக்கிறது. அலுமினியத்தின் சங்கடம் இதுவே: அமிலமும் அதற்கு ஆகாது, மிகுந்த காரமும் ஆகாது. இரும்புக்குக் காரம் நல்லது, அமிலமும் காற்றும் சேர்ந்தால் துரு. செம்பும் பித்தளையும் மற்றவற்றைத் தாங்கினாலும், அவற்றை இணைக்கும் ஈயப்பற்று மருந்து குறைந்த கூலண்டில் வெண்மையாகப் பூத்துக் குழாயின் வாயை அடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கெடுதலானது செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்வது. மருந்து தீர்ந்த கூலண்டில் செம்பு நுண்ணளவில் கரைந்து, அலுமினிய ஹெட்டில் போய்ப் படியும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு பேட்டரியாகி, அந்த இடத்தில் அலுமினியத்தைக் குடையத் தொடங்கும். அலுமினிய ஹெட்டும் செம்பு ரேடியேட்டரும் சேர்ந்த பழைய கார்களில் ஹெட்டைக் கழற்றினால், கேஸ்கெட் ஓரத்தில் நீர்த்துளைகளைச் சுற்றி எறும்பு அரித்த மரம்போல் குழிகள் தெரிவது இதனால்தான்.

கூலண்டின் அடிப்படை பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம். வெப்பத்திலும் காற்றிலும் அது ஆண்டுக்கணக்கில் சிதைந்து அமிலமாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த அமிலத்தை முறித்து உலோகத்தின் மேல் படலம் கட்டுவதற்காகச் சேர்க்கப்படும் சில விழுக்காட்டு மருந்துக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம். உறைபனியே இல்லாத நம் ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இரண்டாம் படி: டின்னின் பின்புறத்தைப் படித்தல்

முன்புறத்தில் படமும் விளம்பரமும் இருக்கும். உண்மை பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே தேட வேண்டியது மருந்தின் குடும்பத்தை. முதலாவது ஐஏடி (IAT) எனப்படும் பழைய குடும்பம். சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் போன்ற உப்புகளால் ஆனது. உலோகத்தின் மேல் விரைவாகப் படலம் கட்டும், விரைவாகத் தீரவும் செய்யும். 2 ஆண்டுகளுக்கு மேல் இதை நம்பக் கூடாது. இரண்டாவது ஓஏடி (OAT) எனப்படும் கரிம அமிலக் குடும்பம். அரிப்புத் தொடங்கும் இடத்தில் மட்டும் போய் வேலை செய்வதால் 5 ஆண்டுகள்வரை தாங்கும், ஆனால் படலம் கட்ட நேரம் எடுக்கும். மூன்றாவது இரண்டையும் கலந்த ஹெச்ஓஏடி (HOAT). இந்தக் கலப்பில் ஐரோப்பியரும் ஜப்பானியரும் பிரிந்துவிட்டார்கள். ஐரோப்பாவின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் கடினமானது, பாஸ்பேட் அதோடு சேர்ந்தால் படிவு கட்டும். எனவே அவர்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்துச் சிலிக்கேட்டைச் சேர்த்தார்கள். ஜப்பானியர்கள் சிலிக்கேட் தண்ணீர்ப் பம்ப்பின் சீலைத் தேய்க்கும் என்று அதைத் தவிர்த்துப் பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டார்கள். அது பி-ஹெச்ஓஏடி. டோயோட்டாவின் இளஞ்சிவப்பு, ஹோண்டாவின் நீலம் ஆகியவை இந்த வழியில் வந்தவை.

அடுத்துத் தர எண்ணைப் பாருங்கள். கார்களுக்கு அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி3306 (ASTM D3306) அல்லது ஜப்பானின் ஜேஐஎஸ் கே 2234, கனரக டீசல் எஞ்சின்களுக்கு ஏஎஸ்டிஎம் டி6210. எந்த எண்ணும் இல்லாமல் "எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று மட்டும் எழுதியிருக்கும் டின்னை நான் வாங்குவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், மலையேறும் அவசரத்தில் என் சொந்தப் பிக்கப்புக்கு வழியோரக் கடையொன்றில் இளஞ்சிவப்பு டப்பா ஒன்றை வாங்கி ஊற்றினேன். ஆறு மாதத்தில் தெர்மோஸ்டாட் உறை முழுவதும் சுண்ணாம்பு குழைத்ததுபோல் வெள்ளைக் கசடு. மிச்சம் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு துளியை, கலவை விகிதத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் பார்த்தபோது கோடு சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. அதாவது அது சாயம் கலந்த வெறும் தண்ணீர்.

மூன்றாம் படி: உலோகத்துக்கு மருந்து பொருத்துதல்

செம்பு-பித்தளை ரேடியேட்டரும் இரும்பு பிளாக்கும் கொண்ட பழைய டிராக்டர், பழைய லோரி ஆகியவற்றுக்கு ஐஏடி வகையே பொருத்தம். டின்னில் டோலைல்ட்ரையசோல் அல்லது பென்சோட்ரையசோல் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். செம்பின் மேல் படலம் கட்டுவது இந்த "அசோல்" இனம்தான். ஈயப்பற்று நிறைந்த பழைய ரேடியேட்டரில், தயாரிப்பாளர் ஈயப்பற்றுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதாத தனி ஓஏடியை ஊற்றாதீர்கள். டின் மலிவாக இருப்பதும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். ஆனால் அந்த இரண்டு ஆண்டு என்பதைத் தோட்டங்களில் யாரும் கணக்கு வைப்பதில்லை. வெறும் தண்ணீரிலேயே பத்தாண்டு ஓடிய டிராக்டரின் வடிகுழாயைத் திறந்தால் கோப்பிக் கசடுபோல் துரு கொட்டும்.

செம்பு ரேடியேட்டர், அலுமினிய ஹெட் என்ற கலப்புக்கு அதிக எச்சரிக்கை வேண்டும். 1985-ல் வந்த முதல் புரோட்டான் சாகாவைப் போன்ற, இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் கொண்ட அந்தத் தலைமுறைக் கார்களை இன்னும் கண்ணாகக் காத்து வருகிறவர்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு அசோல் கட்டாயம், கூடவே அலுமினியத்தைக் காக்கும் சிலிக்கேட்டோ பாஸ்பேட்டோ கட்டாயம். ஜேஐஎஸ் தரமுள்ள ஐஏடி கூலண்ட் இரண்டையும் செய்யும். ஆனால் அதன் காரத்தன்மை அதிகம். படலம் இருக்கும்வரை அலுமினியம் தப்பிக்கும், மருந்து தீர்ந்த பிறகு அதே கூலண்டே அதற்குப் பகையாகும். இத்தகைய காருக்குக் காலக்கெடுவைத் தள்ளிப்போடவே கூடாது.

அதே காரின் பழைய ரேடியேட்டரை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தொட்டியுள்ள அலுமினிய ரேடியேட்டரை மாட்டியிருந்தால், கணக்கு மாறுகிறது. செம்பும் ஈயமும் வெளியேறிவிட்டதால், முற்றிலும் கழுவிய பிறகு பி-ஹெச்ஓஏடிக்குத் தாராளமாக மாறலாம். கழுவாமல் மாறினால் என்னாகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள இன்றைய ஜப்பானிய, கொரிய வழிக் கார்களுக்கு, சிலிக்கேட் இல்லாத, பாஸ்பேட் உள்ள பி-ஹெச்ஓஏடி. டைஹட்சு வழிவந்த பெரோடுவா கார்களுக்கும் இந்தத் திசைதான், ஆனால் கையேட்டில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. டோயோட்டா தன் நீண்ட ஆயுள் கூலண்டுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீட்டரில், அதன்பின் ஒவ்வொரு 80,000 கிலோமீட்டருக்கும் என்று வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கு அதே கூலண்ட் கலப்பில்லாமல் இருக்கும்வரை மட்டுமே செல்லும். இடையில் அரை லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் அதை மறந்துவிட வேண்டும். ஐரோப்பிய வண்டியென்றால் உலோகத்தை வைத்து ஊகிக்காமல், கையேட்டில் உள்ள ஒப்புதல் எண்ணை அப்படியே டின்னில் தேடுங்கள்.

முழு அலுமினிய ரேடியேட்டருக்கும் இதே குடும்பங்கள்தாம். வேறுபாடு கூலண்டில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. அதைத் தனியே பார்ப்போம்.

கனரக லோரிகளுக்கு ரேடியேட்டரைவிட எஞ்சினே முடிவு செய்கிறது. தண்ணீர் நேராகப் படும் ஈர லைனர் (பிஸ்டன் ஓடும் உட்குழாய்) உள்ள டீசலில், பிஸ்டன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் லைனர் அதிர்ந்து, அதன் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. அந்த உடைவு இரும்பையே ஊசி குத்தியதுபோல் துளைத்துவிடும். துளை ஆழமானால் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும். இதைத் தடுக்க டி6210 தரத்தில் நைட்ரைட்டோ அதற்கீடான மருந்தோ சேர்க்கப்படுகிறது. நைட்ரைட் குறைந்துகொண்டே வரும் என்பதால் சோதனைத் தாளால் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். நல்லதுதானே என்று மருந்தை அளவுக்கு மேல் கூட்டினால் கூழாகத் திரண்டு ரேடியேட்டரை அடைக்கும். லோரிக்கு வாங்கிய மீதியைக் காரில் ஊற்றுவதும் வேண்டாம். நைட்ரைட் அலுமினியத்துக்கு நட்பானதல்ல.

நான்காம் படி: தண்ணீரும் கலவை விகிதமும்

மலையடிவார நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று நினைத்துவிடுகிறோம். கம்பார், கோப்பெங் பக்கத்துக் கிணற்று நீர் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் வழியே ஊறி வருவது. அதிலுள்ள சுண்ணாம்பு பாஸ்பேட் கூலண்டோடு சேர்ந்தால் குழாயின் உட்சுவரில் படியும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் குழி பறிக்கும். காய்ச்சி வடித்த நீர் அல்லது உப்பு நீக்கிய நீர் மட்டுமே ஊற்றுங்கள். பெட்ரோல் நிலையத்தில் "ஆயிர் பத்தேரி" என்று கேட்டால் அந்த நீரைக் கொடுப்பார்கள். ஆனால் பக்கத்திலேயே பேட்டரி அமிலமும் அதே வடிவப் போத்தலில் நிற்கலாம், எனவே ஒட்டுத்தாளைப் படித்த பிறகே திறக்க வேண்டும்.

விகிதம் பாதிக்குப் பாதி என்பது பொதுவான அளவு. நம் வெப்பத்துக்கு 40 விழுக்காடும் போதும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மருந்தின் அளவு போதாமல் அரிப்புத் தொடங்கும். அதிகம் ஊற்றுவதும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. கிளைக்கால் கூடக் கூட அந்தத் திறன் குறையும். ரிஃப்ராக்டோமீட்டரின் உறைநிலைக் கோடு நமக்கு உறைவதற்காக அல்ல, விகிதத்தைக் காட்டுவதற்காக: மைனஸ் 37 டிகிரி என்றால் பாதிக்குப் பாதி, மைனஸ் 15 அளவில் இருந்தால் 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

ஐந்தாம் படி: கழுவுதலும் நிரப்புதலும்

எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. மேல் ரப்பர் குழாயைக் கையால் அழுத்தி, அது ஆறி மெத்தென்று இருந்தால் மட்டுமே திறக்கலாம். வடித்ததும் ரேடியேட்டர் காலியாகிறதே தவிர, பிளாக்கில் பழையது கணிசமாகத் தங்கிவிடும். அந்த மிச்சத்தின் மேல் வேறு குடும்பத்துக் கூலண்டை ஊற்றினால் இரண்டின் மருந்தும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும்; சில சேர்க்கைகள் ஆறிய கஞ்சியின் ஆடைபோல் திரண்டு, துணைத் தொட்டியின் விளிம்பில் வழவழவென்று ஒட்டும். எனவே காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆற வைத்து வடிக்க வேண்டும். வடியும் நீர் நிறமற்று வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் மூன்று முறை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கழுவிய நீர் பிளாக்கில் தங்கியிருக்க, முன்கூட்டியே கலந்த கூலண்டை ஊற்றினால், கலவை நீர்த்துப்போகும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், 2.5 லிட்டர் அடர் கூலண்டை முதலில் ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். உள்ளே தங்கியிருக்கும் நீர் பாதிக் கொள்ளளவைத் தாண்டாதவரை விகிதம் பிசகாது. மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற ரப்பர் குழாய்களைப் பிசைந்துவிட்டு, மூடி திறந்தபடியே விசிறி இருமுறை இயங்கி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். என்ன குடும்பம், எந்தத் தேதி என்று ஒரு ஒட்டுநாடாவில் எழுதிப் பானெட்டின் உட்புறம் ஒட்டிவிட்டால், அடுத்து வரும் ஃபோர்மேன் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது.

மூடியும் எர்த்தும்

மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பது அழுத்த அளவு. அந்த அழுத்தம்தான் கொதிநிலையை உயர்த்துகிறது. தானா ராத்தா உயரத்தில் திறந்த தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியில் கொதித்துவிடும், சமவெளியில் 0.9 மூடியின் கீழ் அதே தண்ணீர் 118 டிகிரிவரையிலும், பாதிக்குப் பாதி கூலண்ட் அதற்கு மேலும் தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் எவ்வளவு உயர்ந்த கூலண்ட் ஊற்றியும் மலையில் கொதிக்கும். பழைய டிராக்டர்கள் பலவற்றின் மூடி 7 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 0.5 அளவே. அதில் கார் மூடியை மாட்டினால் ஈயப்பற்றுப் பிளந்து வரும்.

எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சோதனைக்கு மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் தொட்டு, சிவப்பு முனையை ரேடியேட்டர் கழுத்து வழியே கூலண்டில் மட்டும் தோய்க்க வேண்டும். உலோகத்தைத் தொடக் கூடாது. விசிறி, விளக்கு, ஸ்டார்ட்டர் ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஏதோ ஒரு கருவி எர்த் சரியில்லாமல் கூலண்ட் வழியாக மின்சாரத்தை விடுகிறது, அல்லது கூலண்டின் மருந்து தீர்ந்துவிட்டது. புதிய கூலண்டை ஊற்றிய பிறகும் அதே அளவு காட்டினால் எர்த் கம்பிகளைத்தான் பார்க்க வேண்டும். புது அலுமினிய ரேடியேட்டர் சில மாதங்களிலேயே ஊசித்துளையாக ஒழுகினால், கூலண்டைக் குறை சொல்லுமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

வடித்த பழையதைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறையில் எத்திலீன் கிளைக்கால் போன்ற வெப்பத் திரவக் கழிவு எஸ்டபிள்யூ 327 என்ற குறியீட்டில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. கிளைக்காலின் சுவை இனிப்பு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு; பட்டறை வாசலில் சிந்திய குட்டையை நாய் நக்கிவிட்டால் பிழைப்பது அரிது. சிந்தியதை உடனே தண்ணீரடித்துக் கழுவாமல் மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளுங்கள். பழையதைத் திருகுமூடியுள்ள டப்பாவில் ஊற்றி, மேலே பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்து, கழிவெண்ணெய் எடுக்க வரும் உரிமம் பெற்றவர் கூலண்டையும் எடுப்பாரா என்று கேட்டு, எண்ணெயோடு கலக்காமல் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.